வீதியோரக் கோட்டையும் படுவான்கரை வீடும்

அண்ணை,

மல்வேர்னில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் வீதி திருத்துகிறார்கள். இரவு வேலை முடித்து வந்தால் நித்திரை கொள்ள விடாத சத்தம், அறை முழுக்கத் தார் மணம். நீங்கள் என்றால் பஸ் போனாலும் பரவாயில்லை என்று நின்று, மூக்கை உறிஞ்சி, "இதுக்குச் சூடு காணாது மனே" என்று கனடாக்காரனுக்கே குறை சொல்லியிருப்பீர்கள். நான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். இன்று காலை நானே நின்றுவிட்டேன்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இந்த இரண்டறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். உங்களுக்குப் பகல் வேலை, எனக்கு இரவு வேலை, இருவருக்கும் ஒரே மெத்தை. நீங்கள் எழும்பிய சூடு ஆற முதல் நான் படுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முகம் பார்த்துக் கதைப்பது. நீங்கள் மீன் வெட்டிக்கொண்டே, ஜோர்தானில் வீதி போட்ட கதையைத் தொடங்குவீர்கள். அதில் அந்தக் கோட்டை வராமல் இராது.

மரமில்லாத வெளி, நடுவே ஒரு வீதி, அதன் ஓரத்தில் கோட்டை. உங்கள் லொறிக்காரக் கிழவன் சொல்லித்தந்த சரித்திரம் அது. பாலைவனத்திலிருந்து வருகிற கொள்ளைக்காரரைப் பார்த்திருக்க உரோமர் கட்டினார்கள். அவர்கள் போனபின் பல காலம் ஆடுகள்தான் குடியிருந்தன. பிறகு ஒட்டோமான் துருக்கியர் வந்து, மக்காவுக்குப் போகிறவர்களின் தண்ணீரைக் காக்க, இடிந்ததைக் கட்டிச் சிப்பாய்களை இருத்தினார்கள். ரயில் வந்தது, வழிப்போக்கர் அதிலே போனார்கள், சிப்பாய்களும் போய்விட்டார்கள். கடைசியாக நீங்கள் வந்து சீமெந்து மூட்டை அடுக்கினீர்கள்.

"வீதியில இரிக்கிற வீட்டுக்கு நிம்மதி இல்ல மனே. வாறவன் போறவன் எல்லாம் உள்ள வருவான்" என்று முடிப்பீர்கள். உங்களுக்குப் பெரிய சரித்திர ஆசிரியர் என்று நினைப்பு. நாங்கள் சிரிப்போம்.

அந்தச் சுவரில் துருக்கிச் சிப்பாய் எவனோ கீறிய எழுத்துக்குக் கீழே, ஆணியால் உங்கள் மகளின் பெயரைச் செதுக்கியிருந்தீர்கள். கோகிலா. அப்போது அவள் கைக்குழந்தை. உங்கள் அகதி வழக்கு முடிந்து, தாயும் மகளும் இங்கே வந்த பிறகு, ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுவேன் என்பீர்கள்.

அவர்கள் ஊரில், வாவிக்குக் கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில், பிரதான வீதியோரத்து வீட்டில் இருந்தார்கள். ஆமி லொறிகள் வாசலால் போகின்றன என்று மனைவி எழுதியபோது உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்க்கடைக்குப் போன் எடுத்து, மனைவியைக் கூப்பிடச் சொல்லி, "வீதியில இரிக்கவேணாம். பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் படுவான்கரைக்குப் போங்க" என்று கத்தினீர்கள். வாவிக்கு அந்தப் பக்கம், வயலுக்குள்ளே, தார் வீதியே இல்லாத ஊர். நல்ல யோசனை என்று மற்ற ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைக்கு நீங்கள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டீர்கள்.

ஆமியின் சுற்றிவளைப்பு படுவான்கரையில்தான் நடந்தது. தாயும் மகளும் உயிரோடு இல்லை என்று அதே கடைக்காரர் போனில் சொன்னார். வீதியோரத்து வீட்டில் ஓடு ஒன்றும் உடையவில்லை என்றும் சொன்னார். அதை ஏன் சொன்னார் அந்த மனுசன்?

நெடுநாள் நீங்கள் கோட்டையைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் மட்டும், மீனை வெட்டாமல் வைத்துக்கொண்டு, "கோட்டை வீதியில நிண்டதாலதான் நிண்டிரிக்கி மனே. வந்தவனெல்லாம் தனக்குத் தேவையெண்டு திருத்தித் திருத்தி வெச்சிரிக்கான். தள்ளியிருந்த ஊரெல்லாம் போன இடம் தெரியா. நான் பிழையா விளங்கியிட்டன்" என்றீர்கள். நான் கத்தியை வாங்கி மீனை வெட்டினேன்.

வழக்கு முடிந்து, இனி ஆட்களைக் கூப்பிடலாம் என்றபோது கூப்பிட ஆளில்லை. போன மாரியில் பஸ் தரிப்பிடத்தில் இருந்தபடியே நீங்களும் போனீர்கள். நெஞ்சு என்றார்கள். மெத்தை முழுதும் இப்போது எனக்குத்தான். சுவரோரமாக ஒடுங்கிப் படுக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தச் சுவரில் கோகிலாவின் பெயர் இருக்கிறதென்று தெரிந்த ஆள், மற்றவர்கள் கலைந்து மிசிசாகா, மொன்றியல் என்று போனபின், அநேகமாக நான் ஒருவன்தான். அங்கே தமிழ் வாசிக்க யாருமில்லை. வீதியை இன்னும் அகலமாக்கினால் அந்தப் பக்கச் சுவரை இடிப்பார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். இடித்திருப்பார்கள். கல்லை உடைத்து அடியில் போட்டு, மேலே தார் ஊற்றியிருப்பார்கள்.

வெளியே தார் அமுக்கும் றோலர் ஓடுகிறது. யன்னலடியில் நின்று, கோகிலா என்று ஒருதரம் வாய்விட்டுச் சொன்னேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.