கூரைப் பனி விழும் இடம்

விவேக் நகர், பெங்களூரு
நவம்பர் 20

அன்பு மகள் மரியாவுக்கு அப்பா எழுதுவது. குழந்தை இயேசு புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அந்த மலைக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்தை நானே படித்தேன் கண்ணு, ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது, ஆகட்டும். இதையும் நானேதான் எழுதுகிறேன், எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்பு ராஜலக்ஷ்மி டீச்சர் புள்ளி விட்டுப்போன இடங்களை மட்டும் காட்டினார். நான் எழுதி முடிப்பதற்குள் அங்கே பனியே உருகிவிடும் என்று அம்மா கிண்டல் செய்கிறாள்.

போன வருஷம் அந்த மணாலி வீட்டுக்கு நீ தோட்டம் போட்டு வைத்த ரோஜாச் செடிகள் எல்லாம் தகரக் கூரையிலிருந்து சரிந்த பனியில் நசுங்கிப் போனதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. நம் வீட்டில் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில்தான் செம்பருத்தி நிற்கிறது, தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று. அதைப் பார்த்து வளர்ந்த பெண் அங்கேயும் சுவர் ஓரமாகத்தானே வைப்பாள். அந்த வீட்டுக்காரம்மா, இந்தக் குளிர்காலம் முழுக்க இங்கேயே இருந்து பனி எங்கே விழுகிறது, எங்கே முதலில் உருகுகிறது என்று பார்த்துவிட்டுத் தோட்டம் போடு, இல்லாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். இருக்கட்டுமா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வீட்டோடு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அம்மா உன்னை வரச் சொல்லு என்கிறாள். பனி கொட்டுகிற ஊரில் என்ன தோட்டம், இங்கே ஆனேக்கல் பக்கம் பெரிய பெரிய வீடாகக் கட்டுகிறார்களே, அவர்களுக்குச் செடி வேண்டாமா என்கிறாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, நீ இல்லாமல் நாங்கள் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனதே கிடையாது. ஆனாலும் நீ அங்கேயே இரு கண்ணு. இப்படியே வந்துவிட்டால் இங்கே எந்த வீட்டில் செடி வைத்தாலும் அந்த நசுங்கின ரோஜாதான் உன் கண்ணில் நிற்கும். அதே வீட்டில் ஒரு தடவை நன்றாகப் பூக்க வைத்துவிடு, அப்புறம் வருவதோ இருப்பதோ உன் இஷ்டம்.

அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை, இந்தப் பேச்சை எடுத்தால் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. ஆனால் நேற்று தனியாக பஸ் ஏறி சிவாஜிநகர் போய் உனக்குக் கம்பளி சாக்ஸும் காதை மூடுகிற குல்லாவும் வாங்கி வந்து, இப்போது பார்சலுக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. பனியைப் பார்க்கிறேன் என்று கூரைக்குக் கீழே போய் நிற்காதே, தள்ளி நின்று பார்.

உன் அன்பு அப்பா
சவரிமுத்து