மூன்று முறை கேட்க வேண்டும்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஈரத் துப்பட்டாவோடு ஆபீஸ்.

மதியம் பஸ் கேம் குழுவில் ஸ்டெப்னி என்ற பெயரில் இருப்பவருக்கு மூன்றாவது முறை எழுதினேன். போன இரண்டு முறை எழுதிய அதே வரிகள்: "வணக்கம். நீங்கள் செய்த நீல பஸ்ஸை என் சிவாஜிநகர் - அத்திபெலே ரோட்டில் ஓட்டலாமா? உங்கள் பெயர்தான் முதலில் வரும்." கீழே குழுவில் நான் வைத்திருக்கும் புதுப் பெயர். பழைய பெயரைப் போடத் தைரியம் இல்லை.

குழுவின் விதியை மறுபடி படித்தேன். அடுத்தவர் செய்த பஸ்ஸோ ரோடோ வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவதற்குப் பிறகும் ஒரு வாரம் பதில் இல்லையென்றால், பெயர் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஏழு நாள். பதில் வராமல் இருந்தால் ரோடு முடிந்துவிடும். வராமல் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். நினைத்த உடனே பதில் வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. எங்கள் ஸ்ரீராம்புரம் முழுக்க மாடியில் துணி.

ரோட்டுக்குக் கடைப் பலகைகள் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"நாள் பூரா பஸ்ல தொங்கிட்டு வர்றது பத்தலியா? வீட்லயும் பஸ்ஸா?"

"கேம்ல வர்றதெல்லாம் வெளிநாட்டு பஸ்மா. நம்ம ஊர் பஸ்ஸு, ரோடெல்லாம் நாங்களே செஞ்சு சேத்துக்குவோம். மாட்னு பேரு."

"ஏங்க, பாருங்க. வம்சத்துல மொத டிகிரி. ஓசியில பஸ் ஓட்டிட்டு இருக்கா."

அப்பா கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். இருபது வருஷமாகக் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிறவர். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எந்த ஊரு?"

"சிவாஜிநகர்ப்பா."

"ஒரு குப்பை கூட இல்லியே?"

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அப்பா சொன்ன இரண்டு இடங்களில் குப்பை வைத்தேன். உடனே சிவாஜிநகர் ஆகிவிட்டது.

இதை ஸ்டெப்னிக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

குழுவை நடத்தும் ஓசூர் அண்ணன் எழுதியிருக்கிறார்: "ப்ரோ, ஸ்டெப்னி இந்தப் பக்கம் வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. நம்பர் கூட யாருகிட்டயும் இல்ல. செவ்வாக்கெழம தாண்டட்டும், ரிலீஸ் பண்ணிடுங்க."

அங்கே எல்லாருக்கும் நான் ப்ரோ. பழைய பெயரில் இருந்தபோது ஸ்டெப்னிக்கு மட்டும்தான் நான் பெண் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து "நீங்க" என்றார். வேறெதுவும் மாறவில்லை.

இரண்டு வருஷம் முன்பு எட்டு மாதம் சேர்ந்து செய்தோம். அவர் பஸ், நான் ரோடு. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி வரும். "பொம்மசந்திரால ஸ்டாப் பாலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். குரல் கேட்டதில்லை. முகம் பார்த்ததில்லை. உண்மைப் பெயர் கேட்கக் கூச்சம்.

பிறகு நான் செய்தது. ரோட்டில் பாதி முடிந்ததும் அவருடைய பஸ்ஸையும் சேர்த்து வெளியிட்டேன், கேட்காமல். சேர்ந்துதானே செய்கிறோம், கேட்டால் அந்நியம் போல இருக்கும் என்று நினைத்தேன். குழுவில் "திருட்டு மாட்" என்று நாற்பது பேர் திட்டினார்கள். அவர் ஒரே வார்த்தை எழுதினார்: "கேட்டிருக்கலாம்."

அந்த நாற்பதும் வலிக்கவில்லை. இந்த ஒன்றுதான். அன்றே அந்தப் பெயரை விட்டு வெளியேறினேன். பிறகு திறக்கவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். தலைக்குக் குளித்தேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும்.

அத்திபெலே நுழைவு வளைவின் அசல் படம் தேவைப்பட்டது. அது பழைய கணக்கில் மட்டும்தான் இருந்தது. பாஸ்வேர்டைக் கை மறக்கவில்லை. திறந்தேன்.

ஸ்டெப்னியிடமிருந்து மூன்று கடிதங்கள். இரண்டு வருஷமாகப் படிக்காதவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக ஒரு வாரம்.

1. "வணக்கம். உங்க ரோட்டை என் பஸ்ஸோட சேத்து வெளியிடலாமா? இந்தத் தடவை நான் கேக்கறேன், பாத்துக்கோங்க."

2. "கேட்டிருக்கலாம்னு நான் எழுதினது கோபத்துல இல்லங்க. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன், யாரும் உங்கள திட்டியிருக்க மாட்டாங்கன்னு சொல்ல வந்தேன். எழுத்துல அது தெரியல. தப்பு என்னுதுதான்."

3. "விதிப்படி மூணாவது. பதில் வரலைன்னா எடுத்துக்கலாம், ஆனா எடுக்கறதுக்கு மனசு வரல. வேலைக்கு வெளியூர் போறேன். கம்ப்யூட்டரையும் விக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல சவுண்டு எடுக்கணும். கையில பஞ்சு சுத்தின மைக் இருக்கும். நீங்க வந்தா நேர்லயே கேட்டுடுவேன்."

தொடர்புகொள்ள முடியாத ஆள் நான்தான்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன்.

ஜூன் 16, திங்கள்

லீவு சொன்னேன். மேகம்.

பழைய டைரியைப் பீரோவிலிருந்து எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடினேன். இருந்தது. "நல்ல வெயில். இரண்டு போர்வை துவைத்தேன். சாயந்திரம் பஜ்ஜி." அவ்வளவுதான்.

இங்கிருந்து சிவாஜிநகர் ஒரே பஸ்.

அந்த வாரம் அவர் நீல பஸ்ஸின் கடைசிப் பதிப்பை ஏற்றியிருக்கிறார். வெட்கத்தில் நான் இறக்கிப் பார்க்கவே இல்லை. என்னிடம் இருந்தது அதற்கு முந்தையது. இன்று இறக்கினேன். புதிதாக ஒன்றே ஒன்று: பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வரும் சத்தம். ஏழு நிமிடம்.

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஹாரன், விசில், கொய்யாப்பழக்காரி. நாலாவது நிமிடத்தில் ஒரு கண்டக்டர், மைக்குக்குப் பக்கத்திலேயே, வருகிறீர்களா என்று கன்னடத்தில்.

"சார், பர்த்தீரா?"

"இல்லண்ணா."

"ஓ, தமிழா? அரை மணியா நிக்கறியேப்பா. எந்த பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கு இல்லண்ணா. ஒருத்தங்க வரணும்."

"பொண்ணா? பஸ்ஸுன்னா எப்டியும் வந்துடும்ப்பா."

சின்னச் சிரிப்பு. மூக்கடைத்த மாதிரி குரல். நான் நினைத்ததை விடச் சின்ன வயசு. அப்புறம் எஞ்சின் சத்தம் மூடிவிடுகிறது.

எத்தனை முறை கேட்டேன் என்று எழுத மாட்டேன்.

பிரேக் சத்தத்தில் அரை விநாடி இரைச்சல் இருந்தாலும் வெட்டுகிற ஆள் அவர். இதை வெட்டவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஏழு நாள் முடிந்தது. பதில் இல்லை.

செய்தவை:
- குழுவில் எழுதினேன்: "ரெண்டு வருஷம் முன்னாடி கேட்காமல் பஸ்ஸை எடுத்தது நான்தான். அது என் பழைய பெயர்." அனுப்பிவிட்டுப் போனைக் குப்புற வைத்தேன்.
- ஓசூர் அண்ணன்: "அட, நீங்கதானா அது? ஸ்டெப்னி உங்கள எங்க கிட்டயெல்லாம் விசாரிச்சாருங்க." ப்ரோ போய்விட்டது.
- பால் வாங்கினேன்.
- ரோட்டை வெளியிட்டேன். அவர் பெயர் முதலில். ஏழு நிமிடமும் அப்படியே. அவர் வெட்டாததை வெட்ட நான் யார்.
- பழைய கணக்கில், அவருடைய மூன்றாவது கடிதத்துக்குக் கீழே பதில்: "எடுத்துக்கோங்க. உங்களுக்காகப் போட்ட ரோடுதான்."

அனுப்பப்பட்டது என்று வந்தது. படிக்கப்பட்டது என்று வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

எண்ணூறு பேர் இறக்கியிருக்கிறார்கள். குப்பை சூப்பர் என்று ஒருவர். அப்பாவிடம் சொன்னேன். "நெசமாவா?" என்று மூன்று முறை கேட்டார்.

படிக்கப்பட்டது என்று இன்னும் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மேகம், மழை இல்லை. "எங்கடி காலங்காத்தால?" என்று அம்மா. பலகை ஒன்று சரிபார்க்க வேண்டும் என்றேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு, ஒன்பது ஐம்பது. இறைச்சிக் கடைப் பக்கமிருந்து வாடை. கொய்யாப்பழம். அப்பா சொன்ன இடத்தில் குப்பை. மைக் வைத்துக்கொண்டு யாரும் இல்லை, இருக்கவும் மாட்டார்கள், தெரியும். தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். பத்து. பத்தேகால். பத்தரை.

கண்டக்டர் ஒருவர் படியில் நின்றபடி, "பர்த்தீரம்மா?" என்றார்.

தலையாட்டினேன். வருகிறேன் என்றா இல்லையென்றா, எனக்கே தெரியவில்லை. அவர் காத்திருந்தார். ஏறிவிட்டேன்.