யாரிடமிருந்து வந்தது

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தான் எழுதுவது. என்னோடு பேசாமலேயே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டாய். இனி உனக்கு வேறு பட்டப்பெயர்தான் தேட வேண்டும். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது கிழித்துப் போடாமல் படி.

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இனி வலிக்கு மட்டும்தான் மருந்தாம். டாக்டரம்மா அதைச் சொன்னதும் அக்கா, "அப்ப கொட்டின முடி திரும்ப வளருமா?" என்று கேட்டாள். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

முதலில் ரத்தம் பட்டபோது எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆனவள், "எனக்கு வயசு திரும்புது பாருங்க" என்று சிரித்தாள். நாள் முழுக்கப் பெடல் மிதித்துப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாளே, அந்தச் சூடுதான் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் வேறென்ன செய்வேன்? மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் ரத்தம் நின்றது. இருவரும் என் கைவேலையை மெச்சிக்கொண்டோம். மறுபடி ரத்தம் பட்டு, டாக்டரிடம் போனபோது, கருப்பை வாயில் தொடங்கிய புற்று நுரையீரல் வரை போயிருந்தது.

நீ எங்கோ படித்துவிட்டு, "அந்த வைரஸ் ஆம்பளைகிட்டேருந்துதான் வரும். எங்கக்காவைக் கொல்றது நீங்கதான். நீங்க இருக்கிற வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாய். நானும் டாக்டரம்மாவிடம் வாய்விட்டே கேட்டேன். உடலுறவில் தொற்றுகிற வைரஸ்தானாம். அநேகம் பேருக்கு வந்து தானாகவே போய்விடுமாம். சிலருக்கு மட்டும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கிப் புற்றாக மாறுமாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நான் அக்காவுக்குத் துரோகம் செய்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சாமியாராகவும் இருந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். என்னிடமிருந்தே வந்திருக்கலாம்.

உன் வீட்டுக்காரர் தங்கமானவர். கிருமி அதையெல்லாம் பார்க்காது. உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றாலும் நீ போய்ப் பரிசோதனை செய்துகொள். பாப்பாவுக்குப் பதினொரு வயதாகிறதே, இந்த வைரஸுக்கான தடுப்பூசியைப் போட்டுவிடு. கோபத்தை என்மேல் வை, ஊசிமேல் வைக்காதே. உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டக் கூடாது.

நம் சண்டை அக்காவுக்குத் தெரியாது. "பாவம், அவளுக்கு லீவு கிடைக்கலை போல" என்று உனக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

வாம்மா. நீ இருக்கும்வரை நான் வீட்டுக்கு வர மாட்டேன், கடையிலேயே படுத்துக்கொள்கிறேன். வேலை நெருக்கடி என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். மருந்து கொடுக்கும் விதத்தைப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா சொல்லித் தருவார்.

அவளுக்கு ரொம்ப முடியாமல் போனால் மட்டும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நீ பேச வேண்டாம், நான் ஓடி வந்துவிடுகிறேன். அந்த ஒரு தடவை என்னை உள்ளே விடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அத்தான்