ஏரியைக் கடக்க அனுமதி

அண்ணே,

இன்று காலை அவித்த பட்டாணி விற்பவள் தெருவில் நின்று என் கயிற்றை இழுத்தாள். ஐந்தாம் மாடிப் பால்கனியில் மணி ஆடியது. கயிற்றில் கட்டிய பையை மேலே தூக்கும்போது பார்த்தேன்: முதல் மாடியிலிருந்து நீங்கள் எட்டிப் பிடித்துவந்த இடத்தில் கயிறு கறுத்திருக்கிறது.

பீட்டர்ஸ்பர்க்குக்கு நீங்கள் போனதே இல்லை. பன்சோடான் நடைபாதையில் வாங்கிய ஒரு படப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, அந்த ஊருக்கு வரி கட்டுபவர் மாதிரி பேசுவீர்கள். "சதுப்புல எழுப்புன ஊரு, ஆத்தோரத் துறைமுகம். பேர மாத்துனாங்க, தலைநகர வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. எல்லாம் நம்ம ரங்கோனுக்கும் ஆச்சு. பனி ஒண்ணுதான் பாக்கி."

அரண்மனைப் பக்கங்களைவிட முற்றுகைப் பக்கங்கள்தான் உங்களுக்குப் பிடிக்கும். அப்போது அதன் பெயர் லெனின்கிராடு. ஜெர்மன் படை வளைத்திருந்த நாட்களில், பேச ஏதும் இல்லாத நேரத்தில் வானொலியில் ஒரு தாளக்கருவி டக், டக் என்று ஓடுமாம். மெதுவாக ஓடினால் ஊர் உயிரோடு இருக்கிறது. வேகமாக ஓடினால் குண்டு வருகிறது. நம் லான்மடாப் பேட்டையில் இதை நீங்கள் அமல்படுத்தினீர்கள். காலையில் என் கயிற்றை மெதுவாக இழுத்தால் 'இருக்கிறேன்'. படபடவென்று இழுத்தால் கரண்ட் வந்துவிட்டது, ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போடு. தெருவே "மீ லா பீ", கரண்ட் வந்தாச்சு, என்று கூவி முடித்த பிறகுதான் உங்கள் எச்சரிக்கை வந்து சேரும்.

பிறகு நுரையீரல் கெட்டது. ஆக்சிஜன் மெஷின் வந்தது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். ஊரின் வடகோடியில், மிங்கலாடோனில், உங்கள் மகள் வீட்டில் ஜெனரேட்டர் உண்டு. அழைத்துப்போக வந்தாள்.

"முற்றுகையில யாரும் ஊர விட்டுப் போகல" என்றீர்கள்.

உங்கள் மகள் பர்மியத் தாய்க்குப் பிறந்தவள். மாமா என்பதற்கு அவளுக்கு ஊலேதான். "ஊலே, நீங்களாச்சும் சொல்லுங்க. பாக்காத ஊருக்காக இவரு சாகப் போறாரு."

"உறஞ்ச ஏரி மேல லாரி லாரியாப் போனாங்கண்ணே. அந்தப் பக்கத்த மட்டும் எப்பவும் தள்ளிட்டுப் போயிடுறீங்க" என்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டீர்கள்: "போனவன் திரும்பி வர அனுமதி வாங்கணும். அது தெரியுமா ஒனக்கு?"

"நான் தர்றேன். இந்தப் படிக்கட்டுக்கு நான்தான் அதிகாரி."

"ஒன்ன நம்பியா?"

"வேற யாரு இருக்கா?"

மெஷினை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஏறினீர்கள். அங்கே ஒரு மழைக்காலமும் ஒரு குளிரும் இருந்தீர்கள். பேத்திக்குத் தமிழ் வராது, உங்களுக்கு மூச்சு வராது. இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டீர்களாம். என்னிடம் போனில் ஒரே கேள்விதான்: "அனுமதி செல்லுமா?"

"செல்லும்."

உங்கள் அஸ்தியைத் தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பாலத்தருகே கரைக்கலாம் என்றாள் மகள். நம் தெருமுனைப் படகுத்துறை என்றேன் நான்.

"அங்க ஒரே அழுக்கு, ஊலே."

"அனுமதி அந்த இடத்துக்குத்தான்மா."

இப்போது நம் கட்டடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போகிறார்கள். சொல்லிக்கொள்ள வரும்போது, திரும்பி வர அனுமதி உண்டு என்று சொல்லி அனுப்புகிறேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள். அவர்களுடைய பெயர்களை மட்டும் நான் மறப்பதில்லை.