டிராக்டர் பறக்கும் காட்சி

டிப்பா கலான், மான்ஸா மாவட்டம்
பிப்ரவரி 9

பிந்தருக்கு,

உன் அண்ணி ஜஸ்மேல் எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாக இருப்பது ஊரெல்லாம் ஒட்டியிருக்கும் போஸ்டரிலேயே தெரிகிறது.

போனில் பேசலாம்தான். நீ வாயைத் திறந்தால் நான் ஊமையாகிவிடுகிறேன். சினிமாக்காரன் வாய். தாளில் நீ குறுக்கே வர முடியாது. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி.

உன் அண்ணன் போய் இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். பத்தாம் நாள் போக் காரியம் முடிந்ததும், குருத்வாராவில் பிரசாதம் வாங்கின கையோடு வண்டி ஏறிவிட்டாய். ஊரே லங்கர் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்க, "எடிட்டிங் இருக்கு அண்ணி" என்றாய். உன் அம்மா கார் கிளப்பின புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்பது ஒன்றே ஒன்று. தெற்கே யாரோ எடுத்து நன்றாக ஓடின படத்தை நீ பஞ்சாபியில் திரும்ப எடுக்கிறாய். அங்கே லாரி பறந்ததாம். இங்கே டிராக்டர் பறந்தால்தான் ஜனங்கள் விசிலடிப்பார்கள் என்று உன் அண்ணனைக் கூட்டிப்போனாய். திருவிழா மேளாக்களில் டிராக்டரின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிற மனுஷன். தம்பி பேச்சைத் தட்டத் தெரியாது. ஹீரோவுக்குப் பதிலாக மண்மேட்டில் ஏறினார். டிராக்டர் புரண்டது.

அந்தக் காட்சி படத்தில் வரக் கூடாது. வெட்டிப் போடு. என் புருஷன் சாகப் போவதை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டாம்.

வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஜஸ்மேல் கௌர்


மொஹாலி
பிப்ரவரி 20

மரியாதைக்குரிய அண்ணிக்கு, காலைத் தொட்டு வணங்குகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கோபத்தில் எழுதிவிட்டீர்கள்.

அந்தக் காட்சி இல்லாமல் இந்தப் படமே இல்லை. பஞ்சாபியில் இவ்வளவு செலவு செய்து யாரும் படம் எடுத்ததில்லை. தெற்கில் மூலப் படத்துக்கு வேலை செய்த சண்டை மாஸ்டர் வந்து பார்த்தார். எழுந்து நின்று கைதட்டி, "இதுக்கு முன்னாடி எங்க லாரி வெறும் பொம்மை" என்றார். அது அண்ணனுக்குக் கிடைத்த கைதட்டல். அதைக் குப்பையில் போடவா?

நீங்கள் பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. டிராக்டர் மேலே போகும், காற்றில் நிற்கும், அங்கேயே வெட்டு. விழுவது வராது. முகமும் தெரியாது. கம்ப்யூட்டரில் ஹீரோ ரூபியின் முகத்தை ஒட்டிவிட்டோம். அது அண்ணன் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

தலைப்பாகைக்கு அடியில் பஞ்சுத் தொப்பி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஊரில் பேசுகிறார்களாம். அண்ணி, வியர்க்கிறது என்று அவரே அதைக் கழற்றி எறிந்தார். அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

பைசாகிப் பண்டிகைக்குப் படம் வருகிறது. நீங்களும் அம்மாவும் முதல் வரிசையில் உட்கார வேண்டும். படம் தொடங்கும் முன் அண்ணன் போட்டோ வரும், மாலையோடு.

உங்கள் கொழுந்தன்,
ஹர்பிந்தர்


டிப்பா கலான்
மார்ச் 15

டைரக்டர் சாகிப் அவர்களுக்கு,

காலைத் தொட்டது போதும். எடு கையை.

உன் டிரைலர் வந்துவிட்டது. பால் ஊற்ற வந்த சிந்தர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாருக்கா, ஜண்ட்டா அண்ணன் எப்படிப் பறக்குறாரு!" என்றாள். யாருக்கும் தெரியாதாமே? எங்கள் ஊர் எருமைக்குக்கூடத் தெரிகிறது. செத்தது என் புருஷன், முகம் ரூபியுடையது. அதை எனக்கு ஆறுதல் மாதிரி எழுதுகிறாய். முகத்தை மாற்றினாய். இடது தோளைத் தூக்கி உட்காருவாரே, அதை மாற்ற உன் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். சிந்தர் பயந்துபோய், "போதும்க்கா, சார்ஜ் போயிடும்" என்றாள்.

நான் பார்த்தது தலைப்பாகையை.

அன்று காலை பஞ்சுத் தொப்பிமேல்தான் கட்டினோம். துணியின் மறுமுனையைப் பிடித்தது நான். கல்யாணமான நாளிலிருந்து நான்தான் பிடிக்கிறேன். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, இழுத்து, உதறி, மடித்து. தொப்பிக்காக அன்றைக்கு நீளத் துணி எடுத்தோம். தலை பூசணிக்காய் மாதிரி இருந்தது. "ரூபி பார்த்தா கனடாவுக்கே திரும்பி ஓடிடுவான்" என்று சிரித்துக்கொண்டே போனார். டிரைலரில் இருப்பது சின்னத் தலைப்பாகை. மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. அவிழ்த்து, வேறு துணியைப் புதிதாக மடித்துக் கட்டியது.

அவரே கழற்றி எறிந்தார், சரி. அந்த மடிப்பு ஒற்றை ஆள் மடித்தது இல்லை. நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தால் கதவுக் கொண்டியில் முனையைக் கட்டி மடிப்பார். நீ படம் எடுத்தது பருத்திக் குச்சி பிடுங்கின வெற்று வயல். அங்கே கதவு ஏது?

போஹ் மாதப் பனியில் வியர்த்ததாம். பொய் சொன்னாலும் மாதம் பார்த்துச் சொல்லு.

மறுமுனையைப் பிடித்தது யார்? பெயரை எழுது.

ஜஸ்மேல்


மொஹாலி
மார்ச் 27

அண்ணி,

நான்தான் பிடித்தேன்.

இதைத்தானே கேட்டீர்கள்? எழுதிவிட்டேன்.

அண்ணனும் ரூபியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது கேமராக்காரர் சிரித்தார். "டூப்போட தலை ஹீரோ தலையைவிடப் பெரிசா இருக்கே, யாரு நம்புவா?" பனி விலகவே மதியமாகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம்தான் வெயில். நான் போய், "அண்ணா, தொப்பி இல்லாம ஒரே ஒரு தடவை" என்றேன். "உன் அண்ணி என்னைக் கொன்னுடுவா" என்றார். "அண்ணிகிட்ட யாரு சொல்லப் போறா?" என்றேன். சிரித்தார். துணியின் முனையை என் கையில் கொடுத்தார்.

ஆனால் முழுப் பழியையும் என்மேல் போடாதீர்கள். மேளாவில் அவர் சக்கரத்தைத் தூக்கும்போது துப்பட்டாவை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தது யார்? ஒரு நாளாவது போகாதே என்று சொன்னீர்களா?

அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள். காட்சியை வெட்ட முடியாது. டிரைலர் பார்த்த அத்தனை பேரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

ஹர்பிந்தர்


டிப்பா கலான்
ஏப்ரல் 2

பிந்தர்,

சிரித்தேன். போகாதே என்று சொல்லவில்லை. அது என்னோடு இருக்கும், நான் சாகும்வரை. நீ எடுத்துக் காட்ட வேண்டாம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். எதை மறைப்பது என்று எனக்குச் சொல்ல நீ யார்? அவள் பிசைந்துகொண்டிருந்த மாவைத் தட்டால் மூடினாள். "அவனா எழுதினானா, நீ எழுத வச்சியா?" என்று கேட்டாள். அவனாக எழுதினான் என்றேன். விரலில் ஒட்டின மாவை உருட்டி எடுத்துக்கொண்டே, "அதைப் படத்துல இருந்து எடுக்கச் சொல்லு. எடுக்கலேன்னா எனக்கு ரெண்டு பிள்ளையும் போச்சுன்னு எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன்.

ஜஸ்மேல்


மொஹாலி
ஏப்ரல் 10

அண்ணி,

வெட்டிவிட்டேன். ரூபி நாற்காலியை எட்டி உதைத்தான். பணம் போட்டவர்கள் வக்கீலோடு வந்து உட்கார்ந்தார்கள். இனி டிராக்டர் மேட்டை நோக்கி வரும், புழுதி எழும், மறுநொடி ரூபி அந்தப் பக்கம் இறங்கி நிற்பான். நடுவில் ஒன்றும் கிடையாது. படம் தொலைந்தது என்கிறார்கள். தொலையட்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு, திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

பிந்தர்


டிப்பா கலான்
ஏப்ரல் 19

பிந்தர்,

பார்த்தேன். மான்ஸாவில், பகல் காட்சி. அம்மா வரவில்லை, சிந்தரோடு போனேன். கூட்டம் டிராக்டர் டிராலிகளில் வந்து இறங்குகிறது. உன் படம் தொலையவில்லை.

முதலில் உன் அண்ணன் போட்டோ வந்தது. பின்னால் ஒருவன், "யாருடா இந்த ஆளு, சீக்கிரம் படத்தைப் போடுங்கடா" என்றான். சிந்தர் திரும்பி, "உங்கப்பன்டா" என்றாள். அடங்கிவிட்டான்.

அப்புறம் அந்த இடம் வந்தது. நீ வெட்டியிருப்பாய் என்று முழுசாக நம்பவில்லை. கண்ணை மூடத் துப்பட்டாவை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். டிராக்டர் வந்தது. புழுதி. ரூபி அந்தப் பக்கம் இறங்கி மீசையைத் தடவினான்.

ஜனங்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். விசில் காதைக் கிழித்தது. ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். அது எங்கே என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கடைசிவரை ஒருத்தரும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "டிராக்டர் பறக்குமே, அது வரலையே?" என்றேன்.

"பறந்துச்சே! நீ பாக்கலையா?" என்றாள்.

சிந்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, பிந்தர். அவளுக்குப் புழுதியும் மீசையும் போதுமாக இருந்தது. எல்லோருக்கும் போதுமாக இருந்தது. அன்றைக்கு நீ வெயில் போகிறது என்று பறந்துகொண்டு நின்றாயே, அப்போது இப்படி எடுத்திருந்தாலும் இதே விசில்தான். நான் படிக்காதவள், எனக்கு ஒரு பகல் காட்சியில் புரிந்தது. பன்னிரண்டு வருஷமாகப் படம் எடுக்கிற உனக்கு அந்த வயலில் புரியவில்லையா?

அம்மா உன்னை வரச் சொன்னாள். அவள் பிள்ளை நீ, வா. டீ வைத்துத் தருவேன். நீ பேசினால் உள்ளே போய்விடுவேன்.

வெட்டச் சொன்னேன், வெட்டினாய். உன்னிடம் கேட்க எனக்கு இனி எதுவும் இல்லை. எழுதவும் இல்லை.

ஜஸ்மேல் கௌர்,
குர்ஜண்ட் சிங் மனைவி