மூன்றாவது கட்டிலின் தலையணை

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் என் மானம் ஒரு தலையணையில் ஒட்டிக்கொண்டது.

மதியச் சாப்பாடு முடிந்து ஷட்டரைத் தூக்கியதும் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். ஸ்பிரிங் மெத்தை கேட்டார்கள். மூன்றாவது கட்டிலில் வழக்கம்போல நானே படுத்துக் காட்டினேன். "பாருங்கம்மா, நான் இந்தப் பக்கம் புரண்டா அந்தப் பக்கம் படுத்திருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிப் புரண்டேன். எழுந்தேன். அந்த அம்மாள் தலையணையைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. வெள்ளை உறையில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பிசுபிசுப்பு. எல்லோரும் சேர்ந்தாற்போல் என் தலையைப் பார்த்தார்கள்.

பார்க்கத்தானே செய்வார்கள். என் தலை அப்படி. வெயில் பட்டால் சிவக்கும், வியர்த்தால் அரிக்கும், சோப்பை மாற்றினால் செதில் செதிலாக உதிரும். என் தோள் எப்போதும் மாவு சலித்த இடம் மாதிரி இருக்கும். ஆனால் பசை? மோந்து பார்த்தேன். நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி. இந்த வயதில் தலைக்குப் புதுத் திறமை வந்திருக்கிறது போல.

வந்தவர்கள் போய்விட்டார்கள். மேனேஜர் வந்தார். மேனேஜர் என்றால் என் மனைவியின் தம்பி. எனக்கு எட்டு வயது இளையவன். வீட்டில் அவனுக்கு நான் அத்தான், எனக்கு அவன் மாப்பிள்ளை. கடையில் நான் "சார்" போட வேண்டும். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. அதனால் இந்த நோட்டில் அவன் பெயர் சீப்பு.

"தலைய அங்க வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"படுத்துக் காட்டாம மெத்தைய எப்படி சார் விக்கிறது?"

"நான் விக்கலையா? கையால தட்டிக் காட்டுறேன். நான் படுத்து எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லைதான். மேனேஜர் ஆனால் முதுகு மடங்காது போல.

சனிக்கிழமை முதலாளி வருகிறார். அதற்குள் தலையைச் சரிசெய்யாவிட்டால் என்னைக் கீழே கிடங்குக்கு அனுப்பிவிடுவானாம். கிடங்கு முழுக்கப் பஞ்சுத் தூசி, ஃபோம் தூள். என் தலையை அங்கே அனுப்புவதும் அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான். அது அவனுக்கும் தெரியும்.

மார்ச் 5, புதன்

மனைவி: "அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?"

இவள் என் பக்கம் என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு.

மார்ச் 6, வியாழன்

முடி இருந்தால்தானே செதில் தங்கும்? மொட்டை அடித்துவிட்டால்? இந்த யோசனை எனக்குக் குளியலறையில் வந்தது. அங்கேயே நிறைவேற்றியும் விட்டேன். அதுதான் தப்பு.

கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, முகம் மழிக்கிற பழைய பிளேடையே தலையில் ஓட்டினேன். தண்ணீர்கூடச் சரியாகத் தொடவில்லை. பின்னாலிருந்து முன்னால், எதிர்த்து எதிர்த்து. வழவழப்பு போதவில்லை என்று அதே இடத்தில் இன்னொரு தடவை. கடைசியில் ஷேவிங் லோஷனை உள்ளங்கை நிறைய ஊற்றித் தலையில் அறைந்தேன்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார்.

வெளியே வந்தேன். மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, யாருப்பா உங்கள உரிச்சது?"

மார்ச் 8, சனி

தலை முழுக்கச் சிவப்புக் கொப்புளம். தொப்பி போட்டுக்கொண்டு போனேன். தொப்பித் துணி தலையோடு ஒட்டிக்கொண்டது. முதலாளி கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஒரு அடி பின்னால் போனார்.

சீப்பு பக்கத்தில் நின்று, மெதுவாக, ரொம்ப வருத்தப்படுகிறவன் மாதிரி, "இது தொத்துமான்னு கஸ்டமருங்க கேக்கறாங்க சார்" என்றான்.

எந்தக் கஸ்டமர் கேட்டான்? எவன் கேட்டான்? ஒருத்தரும் கேக்கல. பொய். வாய் கூசாத பொய். அக்கா புருஷன்னு ஒரு இது வேண்டாம்?

முதலாளி "கொஞ்ச நாள் கீழ இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சீப்பு தன் சீப்பை எடுத்து முன்நெற்றி முடியை மட்டும் ஒரு தரம் கோதினான். பூனையைத் தடவுகிற மாதிரி. அந்த முடி அசையக்கூட இல்லை. என் தலை எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் 12, புதன்

கிடங்கு. சன்னல் கிடையாது. மெத்தையைத் தூக்கும்போதெல்லாம் தூள் கொட்டுகிறது, அது நேராக என் தலைக்குத்தான் வருகிறது. தலையெழுத்து என்கிறார்களே, அதை எனக்கு எழுதிய இடத்தையே சொறிந்துகொண்டிருக்கிறேன்.

வீட்டில் சண்டை. "அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே என் தம்பிதான்" என்றாள். "வாங்கிக் குடுத்தவனே பிடுங்கிக்கிட்டான், கணக்கு நேராயிடுச்சு" என்றேன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். எங்கள் இருவர் தட்டையும் மகள் கழுவினாள்.

மார்ச் 15, சனி

தோல் டாக்டரிடம் போனேன். தொத்தாது என்றார். பிறவியிலேயே கோபக்காரத் தோலாம். இந்த வீட்டில் அதற்காவது கோபப்பட உரிமை இருக்கிறது.

"மொட்டை போடறதுல தப்பில்ல. நீங்க போட்ட விதம்தான் தப்பு. குளிச்சிட்டு, தோல் ஊறினதுக்கப்புறம், புது பிளேடு. முடி வளர்ற போக்குலயே போகணும். அழுத்தக் கூடாது. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வேண்டாம். வாசனை வர்ற எதையும் தடவாதீங்க. புண்ணு ஆறினதுக்கப்புறம்தான் இதெல்லாம்."

களிம்பு கொடுத்தார். வெளியே வந்ததும் சீப்புக்குப் போன் போட்டேன். "தொத்தாதுன்னு டாக்டரே சொல்லிட்டார் சார்."

"டாக்டரா வந்து மெத்தை வாங்கப் போறாரு?" வைத்துவிட்டான்.

மார்ச் 19, புதன்

கொப்புளம் அடங்கிவிட்டது. முள் முள்ளாக முடி முளைத்து அரிக்க ஆரம்பித்தது. பின்னந்தலை எனக்குத் தெரியாது, அதனால் மகள் மழித்துவிட்டாள். வெந்நீர்த் துணியைப் போட்டு ஊறவைத்தாள். கீழ்நோக்கி மட்டும் இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசினாள்.

"இங்க சுழி இருக்குப்பா. அதோடயே சுத்தி வரணும். எதிர்த்தா கோவிச்சுக்கும்."

"உங்க மாமா மாதிரி."

"மாமாவுக்கு சுழியே கிடையாதுப்பா. ஒரே பக்கமா படிஞ்சிருக்கும். நான் பாத்திருக்கேன்."

எரியவில்லை. பல நாளுக்குப் பிறகு தலை என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் சீப்பு. தலையில் துண்டு. என்னைப் பார்க்காமல் நேராக அக்காவிடம் போனான். அறைக் கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் மனைவி வெளியே வந்தாள். அழுதிருந்தாள்.

"கொஞ்சம் உள்ள வாங்க. சிரிக்கக் கூடாது."

துண்டை எடுத்தான். டோப்பா! இத்தனை வருஷமாகச் சீவியதெல்லாம் டோப்பா. பாதி பெயர்ந்து, மீதி பசையில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் நடு மண்டை சிவந்து, ஓரத்தில் புண். என் தலை அதன் மோசமான நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

அதை எடுத்துவிட்டு, மீதி முடியையும் மழித்து, தலையைக் காற்றாட விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தானே பிடுங்கப் பார்த்திருக்கிறான், வலி தாங்கவில்லை.

"சலூனுக்குப் போக வேண்டியதுதானே?" என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போனா தெருவே பேசும்." பிறகு, "வெளிய எவன்கிட்டயாவது வாய் திறந்தீங்க..."

"தலை என் கையில இருக்கு மாப்பிள்ளை. பாத்துப் பேசு."

தலையைக் கொடுத்தான். எண்ணெயை வெதுவெதுப்பாக்கி டோப்பாவின் ஓரமெல்லாம் விட்டேன். ஊறவைத்தேன். மெல்லத் தூக்கினேன். வந்தது. கூடவே பசையும் நூல் நூலாக வந்தது. மஞ்சள். விரலில் ஒட்டிக்கொண்டது. நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி.

என் கை நின்றுவிட்டது.

மூன்றாவது கட்டில். மதியம் ஷட்டர் இறங்கியிருக்கும் நேரம். நாங்கள் பின்கட்டில் சாப்பிடுவோம். இவன் மட்டும் தனியாக முன்னால் இருப்பான். யார் முன்னாலும் படுக்காதவன் யாரும் இல்லாதபோது படுத்திருக்கிறான்.

அப்போ அது என் தலை இல்ல. என் தலை இல்லவே இல்ல! தெரிஞ்சேதான் என்னைக் கீழ தள்ளியிருக்கான். பாவி.

கையில் பிளேடு. முன்னால் அவன் கழுத்து. டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதைத் தலைகீழாகச் செய்தால் போதும், ஒரு வாரம் இவன் தூங்க மாட்டான்.

"என்ன அத்தான், நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. புது பிளேடு மாத்தறேன்."

மாற்றினேன். வெந்நீர்த் துணி போட்டேன். புண்ணைத் தொடாமல் சுற்றி மட்டும், முடி போகிற போக்கில், கீழ்நோக்கி. அழுத்தவில்லை. லோஷன் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். அலமாரியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என் மனசு மாறிவிடும் போலிருந்தது.

முடிந்ததும் கண்ணாடியைக் கேட்டான். பார்த்தான். "அழுத்தமா பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். நன்றியாவது ஒன்றாவது.

மார்ச் 24, திங்கள்

சீப்பு லீவு. நான் கேட்காமலே மனைவி எனக்கு இரண்டாம் தடவை காபி கொடுத்தாள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

சீப்பு மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தான். யாரும் கேட்பதற்கு முன்னால் அவனே எல்லோரிடமும் சொன்னான்: "வெயிலுக்கு அடிச்சேன்." சட்டைப் பை காலியாக இருந்தது. கை மட்டும் பழக்கத்தில் அங்கே போய்ப் போய் வந்தது.

பத்து மணிக்குக் கிடங்குப் படியில் நின்று கத்தினான். "மேல வாங்க. இன்னைக்கு ஆள் பத்தல." ஆள் பத்தாமல் இல்லை. விற்பனைக்காரர்கள் சும்மா உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே போனேன். மூன்றாவது கட்டிலுக்குப் புதுத் தலையணை வந்திருந்தது, புது உறையோடு. ஒரு வயதான தம்பதி அதன் பக்கத்தில் நின்றிருந்தார்கள். சீப்பு கடை முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொன்னான்:

"இனிமேலாவது தலையணைய அசிங்கம் பண்ணாம படுத்துக் காட்டுங்க. தலை சுத்தமா இருக்கணும். புரியுதா?"

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். பிறகு அவன் தலையைப் பார்த்தார்கள். இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் ஒரே மாதிரி பளபளத்தன. அவன் மட்டும் எதையும் பார்க்காமல் மெத்தையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தான்.

வாய் வரைக்கும் வந்தது. அது உன் பசைடா மாப்பிள்ளை.

"புரியுது சார்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.