மலையை மறைத்த வெள்ளைப் புகை

இன்று காலை வேங்கிக்கால் தெருமுனையில் யாரோ ஒரு பழைய டீசல் வேனைக் கிளப்பினார்கள். மார்கழிக் குளிரில் வெள்ளைப் புகை தாழ்வாகப் பரவி நம் வாசல்வரை வந்தது. கண் எரிந்தது. பால் பாக்கெட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். நம் வேனும் இப்படித்தான் நாறும்.

கீழ்பென்னாத்தூருக்குச் சரக்கேற்றக் கிளம்பும்போது நீங்கள் இன்ஜினை ஓடவிட்டு, வேனுக்குப் பின்னால் போய் நின்று மலையைக் கும்பிடுவீர்கள். வண்டியின் முகம் தெருவைப் பார்த்திருக்கும், மலை பின்பக்கம். புகை முழுவதும் உங்கள் மேல்தான். இருமிக்கொண்டே கும்பிடுவீர்கள்.

"மலையே தெரியல. யாரைக் கும்பிடுறீங்க?" என்பேன்.

"அவருக்கு என்னைத் தெரியுது இல்ல, அது போதும்."

ஸ்டியரிங்குக்குக் கீழே, குளிரில் கிளப்பும்போது இழுக்கிற குமிழ் ஒன்று உண்டு. நாம் வாங்கும்போதே அதன் கேபிள் அறுந்திருந்தது. புகை குறையுமே என்று மாற்றச் சொன்னால், "வண்டிதான் கிளம்புதே" என்பீர்கள். உங்களுக்கு மூச்சிழுப்பு வந்த பிறகும் சொன்னேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். "மல்லாட்ட சீசன் முடியட்டும்" என்றீர்கள். கடலை மூட்டை முடிந்தால் நெல் மூட்டை.

பிறகு எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "அண்ணா, காலைல உங்க வண்டிப் புகை உள்ள வந்துடுது. கொழந்த மூச்சு வுட முடியாம அழுவுது."

"டீசல் வண்டியில சாம்பிராணிப் புகையா வரும்?" என்று என்னிடம் சொல்வதையே அவளிடமும் சொல்லப்போகிறீர்கள் என்று பயந்தேன். "சரிம்மா" என்றீர்கள். மறுநாளே வந்த சவாரியை விட்டுவிட்டு வேனை ஷெட்டில் போட்டீர்கள்.

நானும் கூட வந்தேன். மெக்கானிக் கேபிளை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இன்ஜின் குளிர்ந்திருந்தா டீசல் லேட்டா பத்துதுக்கா. சரியா எரியாததுதான் வெள்ளப் புகையா வருது. இதை இழுத்தா பம்பு கொஞ்சம் முன்னாடியே டீசல் வுடும், புகை கம்மி ஆயிடும். சூடானதும் உள்ள தள்ளிடணும். இல்லன்னா இன்ஜின் தட்ட ஆரம்பிச்சிடும்."

அடுத்த காலை கொஞ்சமாகப் புகைந்து அடங்கிவிட்டது. மலை முழுசாகத் தெரிந்தது. கும்பிட்டுவிட்டு, "பாத்தியா?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் உங்கள் மூச்சு கெட்டிருந்தது. அந்தப் புகையால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் கட்டினவள் நான் வருஷக்கணக்காகக் கேட்டு நடக்காதது, அந்தப் பெண் ஒரு தரம் கேட்டதும் நடந்தது. உங்களுக்காக நான் கேட்டேன், அவள் தன் குழந்தைக்காகக் கேட்டாள்.

நீங்கள் போன பிறகும் எதிர்வீட்டில் இன்னும் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, நானும் சேர்ந்து பேசுகிறேன். கோபத்தை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அது அப்படியே என்னிடம் இருக்கிறது.